மிக்சர் சரியா? கார் இன்ஜினின் கலவையைத் தப்பில்லாமல் அளக்கச் சில குறிப்புகள்

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களத்துக்கும் அரிசி ஆலைக்கும் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் என்று கார்புரேட்டர் வண்டிகள் இன்றும் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அப்பா வாங்கிய 1996 மாடல் மாருதி 800. அதன் மிக்சரைச் சரிசெய்ய இரண்டு வருஷம் அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை. எல்லாக் குறிப்புக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. சைலன்சரில் செருகும் மீட்டர் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. புகையில் ஆக்சிஜன் மிச்சமா, பற்றாக்குறையா என்று மட்டும் பார்த்து, கலவை இப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்த ஆக்சிஜன் எந்த வழியாக வந்தது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1. முதலில் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் மிச்சம் மீதியில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இது எடைக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதை எரிக்க ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை இன்ஜின் உள்ளே இழுக்கிறது. மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்பதை மனதில் நிறுத்திப் பாருங்கள், அவ்வளவு காற்று. காற்று இதைவிடக் குறைந்தால் ரிச், கூடினால் லீன். ஏர் ஃபில்டர் அடைத்தால் வண்டி ஏன் திணறுகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

2. மீட்டரை 14.7 கணக்கில் படிக்காதீர்கள், லேம்டாவில் படியுங்கள். இன்று பலர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லேம்டா 1 என்றால் எந்த எரிபொருளாக இருந்தாலும் காற்றும் எரிபொருளும் சரிக்குச் சரி. 0.9 என்றால் காற்று பத்து சதவீதம் குறைவு, அதாவது ரிச். 1.1 என்றால் பத்து சதவீதம் கூடுதல், லீன்.

நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனியாக எரிய 9 பங்கு காற்று போதும். இரண்டும் கலந்தால் சரியான விகிதம் 13.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் மீட்டருக்குள் இருக்கும் கணக்கு பழைய 14.7தான். டேங்கில் எத்தனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கலவை சரியாக இருந்தால் அது 14.7 என்றே காட்டும். ‘எத்தனால் பெட்ரோலுக்கு 13.5தானே’ என்று மீட்டரில் 13.5 வரும்வரை கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்தால், உண்மையில் லேம்டா 0.92க்குப் போய்விடும். எட்டு சதவீதம் ரிச். பெரும்பாலான மீட்டர்களில் லேம்டாவாகக் காட்டும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே மாற்றி வைத்துவிடுங்கள். கேஸில் ஓடும் ஆம்னி வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும். எல்பிஜிக்கு விகிதம் 15.5 அளவில் இருக்கும், லேம்டா மட்டும் அதே 1.

3. கார்புரேட்டர் வண்டி இந்தப் பெட்ரோலில் தானாகவே லீன் ஆகிறது. ஜெட்டின் ஓட்டை பழைய அளவிலேயே இருக்கிறது, அதே அளவு பெட்ரோலைத்தான் விடுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதால், சுத்தமான பெட்ரோலுக்கு டியூன் செய்த வண்டி சுமார் 7 சதவீதம் லீன் பக்கம் போகும். ‘பிக்அப் இல்லீங்க, ஏத்தத்துல சூடாகுதுங்க, ஆக்சிலேட்டர அமுத்துனா இழுக்கவே மாட்டேங்குதுங்க’ என்று பலர் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டரே சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரில் நாம்தான் திருத்த வேண்டும். அதோடு பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எத்தனாலில் பழைய ரப்பர் ஊதிப்போய் வெடிப்பு விடும்.

4. மீட்டர் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். வோல்வோ கம்பெனி 1976இல் முதன்முதலாகக் காரில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார் வகையைத்தான் ‘நேரோ பேண்டு’ என்கிறார்கள். ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம், லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம், நடுவில் 0.45. தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் சொல்லும், எத்தனை கிராம் என்று சொல்லாது. டியூனிங்குக்கு இது போதாது. ‘வைடு பேண்டு’ வேண்டும். போஷ் எல்எஸ்யூ 4.9 என்ற சென்சாரில் ஓடும் மீட்டர்கள் பரவலாகக் கிடைக்கின்றன. அதன் உள்ளே ஹீட்டர் சுமார் 780 டிகிரிக்குச் சூடேற்றி வைத்திருக்கும். ஆக்சிஜனை உள்ளேயும் வெளியேயும் தள்ளும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே லேம்டாவைக் கணக்கிடுகிறது. அந்த சென்சாரின் கனெக்டரை வெட்டி வேறு கனெக்டர் போடாதீர்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையில் அளந்து வைத்த சின்ன ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள்தான் இருக்கிறது.

5. சென்சாரைப் பொருத்தும் இடம் முக்கியம். மூன்று அல்லது நான்கு சிலிண்டரின் குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் வைத்தால் அது எரித்து முடித்த புகையை அளந்துகொண்டிருப்பீர்கள். இன்ஜினை ஒட்டி வைத்தால் சூட்டில் சென்சார் சீக்கிரம் போகும், வால் நுனியில் வைத்தால் வெளிக்காற்று கலக்கும். லேத் பட்டறையில் 18 மில்லிமீட்டர், 1.5 மரை என்று சொன்னால், சென்சாரைத் திருகி மாட்டும் ‘பாஸ்’ என்ற மரை வளையத்தைக் கடைந்து தருவார்கள். கடிகார முகத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில், குழாயின் மேல்பக்கத்தில் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில் வைத்தால் குழாயில் சேரும் தண்ணீர் சென்சார் மேல் நின்று, உள்ளே இருக்கும் பீங்கான் வெடித்துவிடும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்ற மறக்காதீர்கள்.

6. வெல்டிங் வேண்டாம் என்று சைலன்சர் வாயில் செருகும் குழாய் வாங்குபவர்கள், அதை முடிந்த அளவு ஆழமாகச் செருகுங்கள். ஐட்லிங்கில் புகை ஒரே சீராக வெளியே வருவதில்லை. விட்டு விட்டு வருகிறது, இடையில் வெளிக்காற்று உள்ளே ஏறுகிறது. இந்த முறையில் ஐட்லிங் எண்ணை அப்படியே நம்ப முடியாது.

7. மேனிஃபோல்டு கசிவைப் பார்க்காமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். எங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் ஐட்லிங் லேம்டா 1.15 என்று காட்டியது. ‘லீன்’ என்று சொல்லி மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்துகொண்டே போனார்கள். மீட்டரில் 1 வந்ததும் சரி என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பின்பக்கச் சுவரெல்லாம் கரி, பெட்ரோல் வாடையில் கண் எரிகிறது. மைலேஜ் பாதியாகிவிட்டது.

பிறகு தாராபுரம் ரோட்டில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் மீட்டரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது வரச் சொன்னார். போனதும் ஸ்டார்ட் செய்து, கெட்டியான ஈரச் சாக்கை மடித்து சைலன்சர் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்துப் பிடிக்கச் சொன்னார். அவர் ஒரு சொம்பில் சோப்பு நுரை கலக்கி, பெயின்ட் பிரஷால் மேனிஃபோல்டு ஓரமெல்லாம் தடவிக்கொண்டே வந்தார். முதல் சிலிண்டர், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் கீழ் போல்ட்டுக்குப் பக்கத்தில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கி வெடித்தது. துடைத்துப் பார்த்தால் கேஸ்கெட் ஓரத்தில் மை போட்ட மாதிரி நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு.

“தம்பி, பெட்ரோல் கம்மின்னு யாருங்க சொன்னது? இந்த வழியா காத்துல்ல உள்ள போயிட்டிருக்குது.”

“புகை வெளியதானுங்கண்ணா வரணும், காத்து எப்படி உள்ள போகும்?”

“ஒரு தடவ வெளிய தள்ளும், மறு தடவ உள்ள இழுக்கும். மூச்சு மாதிரிங்க.”

அவர் சொன்னது அப்படியே சரி. ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளி முடித்த கையோடு குழாயில் அழுத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் சின்ன ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறுகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்துக் கணக்கிட்டு லீன் என்கிறது. கேஸ்கெட் மாற்றி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் லேம்டா 1.04 வந்தது. எத்தனால் பெட்ரோலுக்காக அதற்கு மேல் கொஞ்சம் திருத்தினால் போதுமானதாக இருந்தது.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஐட்லிங்கில் லீன் காட்டி, ஆக்சிலேட்டரை அழுத்தி ஓட்டும்போது மட்டும் எண் ஒழுங்காக வந்தால், கசிவைச் சந்தேகியுங்கள். புகை வேகமாக ஓடும்போது ஓட்டை வழியாக ஏறும் காற்றின் பங்கு குறைந்துவிடும்.

8. மிஸ்ஸிங் இருக்கும் வண்டியில் கலவையை அளக்காதீர்கள். ஒரு சிலிண்டரில் பொறி விழாமல் போனால், உள்ளே போன பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை. அந்தக் காற்றிலிருந்த ஆக்சிஜன் முழுசாகச் சென்சாருக்கு வந்து சேரும். அது லீன் என்றுதான் காட்டும். பெட்ரோல் கூடிப் பிளக் நனைந்து மிஸ்ஸிங் அடிக்கிற வண்டிகூட மீட்டரில் லீனாகத் தெரியும். அதை நம்பி இன்னும் பெட்ரோலைத் திறந்தால் பிளக் இன்னும் நனையும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். ஆகவே வால்வ் கிளியரன்ஸ், பிளக் இடைவெளி, பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இக்னிஷன் டைமிங், இவற்றையெல்லாம் முடித்த பிறகே கலவைக்கு வாருங்கள்.

9. கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டும் வேக்குவம் ஹோஸ்களும் விட்டிருந்தால் அது பொய் லீன் இல்லை, நிஜமாகவே லீன். ஐட்லிங் ஓடும்போது தண்ணீர் ஸ்பிரேயால் அந்த இடங்களில் அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. இதற்கு பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ அடிப்பவர்கள் உண்டு, சூடான மேனிஃபோல்டு பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

10. ஏர் ஃபில்டரைப் போட்டுவிட்டு அளங்கள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டியூன் செய்வது பல இடங்களில் வழக்கம், ஸ்க்ரூ எட்டுவதற்கு வசதி. ஆனால் ஃபில்டரை மாட்டியதும் கலவை மாறும். உமியும் புழுதியும் பறக்கிற நம்மூரில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், எனவே புதிதாக மாற்றி அன்றே அளப்பது நல்லது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். சோக் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும்.

11. மீட்டருக்குக் கரண்டு கொடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பழுக்கக் காய்ந்த பீங்கான்மேல் அந்தத் தண்ணீர் தெறித்தால் சென்சார் அன்றோடு முடிந்தது. ஆகவே இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகு ஹீட்டர் சூடேறும்படி இணைப்புக் கொடுங்கள். அதற்காக ஹீட்டரை அணைத்தே வைத்துக்கொண்டு வண்டியை நாள் கணக்கில் ஓட்டவும் கூடாது. சூடில்லாத சென்சாரில் கரி படிந்து அடைத்துவிடும். அளக்கும் வேலை முடிந்தால் சென்சாரைக் கழற்றிவிட்டு, பாஸில் ஒரு போல்ட்டைப் போட்டு மூடுங்கள்.

12. வெளிக்காற்றில் சரிபார்க்கச் சொல்லும் மீட்டராக இருந்தால், சென்சாரைக் கழற்றி வெட்டவெளிக்குக் கொண்டுபோங்கள். வேப்பமரத்தடி போதும். ஒர்க்‌ஷாப்புக்குள் பெட்ரோல் ஆவியும் புகையும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். சுத்தமான காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் என்பதை வைத்துத்தான் மீட்டர் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அந்த இடத்திலேயே பொய் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்ணும் பொய்.

13. கேஸ்கெட் ஒட்டும் சாதாரண சிலிக்கான் பசையின் ஆவி சென்சாரைக் கொல்லும். பாக்கெட்டில் ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆயில் எரிக்கும் இன்ஜினும் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசியும் இன்ஜினும் அதே கெடுதலைச் செய்யும். மரையில் பூசும் கிரீஸ் மரையோடு நிற்கட்டும், நுனியில் படக்கூடாது.

14. ஐட்லிங்கில் சரி என்றால் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். ஐட்லிங்குக்கு ஒரு வழி, ஓட்டத்துக்கு மெயின் ஜெட், முழு அழுத்தத்துக்கு வேறு வழி என்று கார்புரேட்டருக்குள் பெட்ரோலுக்குப் பல பாதைகள். கொப்பரை வாங்குகிறவர் மூட்டையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை, கையை உள்ளே விட்டு எடுத்து உடைத்துப் பார்க்கிறார். அதேபோல வண்டியை ஓட்டிப் பாருங்கள். சீரான ஓட்டத்தில் லேம்டா 1 முதல் 1.05 வரை இருந்தால் மைலேஜ் கிடைக்கும். ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தும்போது 0.86 முதல் 0.90 வரை வர வேண்டும். சக்தியும் அங்கேதான், இன்ஜினுக்குப் பாதுகாப்பும் அங்கேதான். முழு அழுத்தத்தில் 1க்கு மேல் போனால் உடனே காலை எடுத்துவிடுங்கள். பிஸ்டனும் வால்வும் வெந்துபோகும்.

ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கைபேசியில் மீட்டரையும் ஸ்பீடோமீட்டரையும் சேர்த்து வீடியோ எடுக்கட்டும், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பாருங்கள். புகை சென்சாரை வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆக்சிலேட்டரை அழுத்திய நொடியில் தெரியும் எண் அந்த நொடிக்கு உரியதல்ல.

பல்லடம், கரூர் போகும் நெடுஞ்சாலையில் முழு வேகச் சோதனை வேண்டவே வேண்டாம். கோவையில் டைனமோமீட்டர் வைத்திருக்கும் இடத்தில் பணம் கட்டிச் செய்யலாம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற பந்தயத் தடமே இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் இறந்துபோன கோவைக்காரர் எஸ். கரிவரதனின் பெயர் அதற்கு. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியவர் அவர். நம் வீட்டுத் திண்ணை ஓரம் நிற்கும் வண்டியின் அதே 796 சிசி இன்ஜின்.

15. ஜெட்டை ஊசியால் குடையாதீர்கள். ஒரு தடவை பெரிதான ஓட்டையைச் சின்னதாக்க வழியில்லை. ஒரு நம்பர் பெரிய ஜெட் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

16. ஊட்டி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. இங்கே சரியாக வைத்த வண்டி குன்னூர் ஏறும்போது ரிச் ஆகிக் கறுப்பாகப் புகை விடும். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே ஸ்க்ரூவை மூடி இறங்கினால், மேட்டுப்பாளையத்துக்கு வரும்போது வண்டி லீனாகிச் சூடேறும். மேலே ஒன்றும் செய்யாமல் திரும்பி வாருங்கள்.

17. பிளக் நிறத்தையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வார்கள். அதன் நடையைத் தெரிந்துகொள்ள ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பிளக்கும் அப்படித்தான். பழுப்பு நல்லது, கரி ரிச், வெள்ளை லீன் என்பது போன வாரம் முழுக்க ஓடியதன் கதை.

18. புகைச் சான்றிதழ் எடுக்கும்போது தாளை மடித்து வைக்கும் முன் படியுங்கள். பிஎஸ் 4, அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 2,500 சுற்று வேகத்தில் லேம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்க வேண்டும். நான்கு வாயுவும் அளக்கும் கருவி உள்ள இடமாகப் பார்த்துப் போனால், உங்கள் மீட்டர் சொல்வது உண்மையா என்று ஒப்பிட்டுக்கொள்ள அதுவே சுலபமான வழி. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் 8ஆம் குறிப்புக்குத் திரும்புங்கள், மிஸ்ஸிங்தான்.

19. இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு ஸ்க்ரூ இல்லை. ஸ்கேனரை மாட்டி ‘ஃபியூவல் ட்ரிம்’ பாருங்கள். கம்ப்யூட்டர் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டியோ குறைத்தோ திருத்திக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு, அல்லது இன்ஜெக்டர் அடைப்பு.

20. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்க்ரூ கால் சுற்று, பிறகு அளவு, பிறகு நோட்டில் எழுத்து. தேதி, எந்தப் பங்கு பெட்ரோல், மதியமா காலையா, லேம்டா எவ்வளவு. எங்கள் வண்டியின் டேஷ்போர்டில் இப்போது அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அடுத்த மெக்கானிக் யாராக இருந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

21. கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது. மழை என்றோ வெயில் என்றோ ஷெட்டை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு அளக்காதீர்கள். ரிச்சாக ஓடும் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை. தலை வலிக்கிறது என்று தோன்றும்போது எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. வண்டியை வெளியே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, சைலன்சரைக் காற்று போகிற பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுச் சாவியைப் போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.